மூழ்கிய சர்வரும் காணாமல் போன பயணிகளும்

திருமலைராயன்பட்டினத்துக் கிளை அலுவலகத்தில் அன்று காலை கூடியிருந்தவர்கள்: உம்ரா, ஹஜ் பயணங்களுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் தலைவர் ஹமீது, அவருடைய தம்பி சாதிக் பாட்சா, மருமகன் நஸ்ருதீன், கணினிக் குற்றங்களைத் துப்பறியும் ஜெனிட்டா, அவளுடைய உதவியாளன் செல்வின். வேறு எவரும் இல்லை. குடும்ப விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஹமீதின் கட்டளை.

புயல் மழையில் காரைக்கால் அலுவலகத்து சர்வர் மூழ்கிவிட்டது. அதற்கு முன்பே, அதற்குள் மென்பொருளாகவே ஓடிய மெய்நிகர் கணினியின் கோப்புகளை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வந்திருந்தார் நஸ்ருதீன். கிளையில் அதை ஓட்டுவதற்கு இருந்தது வேறு வகை மென்பொருள். பெரிய டிஸ்க் கோப்பை அதற்கு ஏற்ப மாற்றி ஓடவிட்டார். ஓடியது. ஆனால் நோன்பு மாதம் முதல் பதிவு செய்த பயணிகளில் ஒருவர்கூட அதில் இல்லை.

"மாப்பிள்ளை தனிக்கடை போடப் போறாரு, நானா. ஆளுங்களை அள்ளிக்கிட்டு நம்ம பக்கத்தைத் துடைச்சிட்டாரு" என்றார் சாதிக் அண்ணனிடம்.

"நான் எதையும் அழிக்கல, மாமா." நஸ்ருதீன் வெளி டிஸ்க்கை மேசையில் எடுத்து வைத்தார்.

மகளின் கணவரை வீட்டை விட்டு அனுப்ப நேருமோ என்று ஹமீது அஞ்சினார். வெளியே மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

"கடைசிப் பதிவு என்னைக்கு, செல்வின்?" என்றாள் ஜெனிட்டா.

"நோன்புப் பிறை பார்க்கறதுக்கு முதல் நாள், அக்கா. பேரு மட்டுமில்ல, செட்டிங்கெல்லாம்கூட அன்னைக்கு இருந்தபடியே நிக்குது. நல்லாத் துடைச்சிருக்காங்க!"

"அவசரப்படாதே. ஆளைக் கடத்தறவன் பேரை மட்டும் எடுப்பான். மெஷினையே பழைய தேதிக்குக் கொண்டுபோய் நிறுத்த மாட்டான்." அவள் சாதிக் பக்கம் திரும்பினாள். "பழைய மெஷின் எப்படி ஓடுச்சுங்க?"

"நோன்புக்கு அப்புறம் ஆமைதான்."

"பிறைக்கு முதல் நாள் அதுல ஏதாச்சும் செய்வீங்களா?"

"வருஷா வருஷம் நானே ஸ்னாப்ஷாட் எடுப்பேன். நோன்புல கூட்டம் அதிகம். ஏதாச்சும் கெட்டுப்போனா பழைய நிலைக்குத் திரும்பலாம்ல?"

"பெருநாள் முடிஞ்சு, புதுசா எழுதினதை அதோட சேர்த்து முடிச்சீங்களா?"

"இல்ல, விட்டுப்போச்சு."

"மாப்பிள்ளைக்காவது சொன்னீங்களா?"

"காரைக்கால் மெஷின் எங்க வீட்டு ஆம்பளைங்க கையில இருக்கறது. மாப்பிள்ளைகிட்ட எதுக்கு…"

"அங்கதான் கோளாறு" என்றாள் ஜெனிட்டா. "ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்துலேருந்து பெரிய கோப்பு அப்படியே உறைஞ்சிடும். புதுசா எழுதறதெல்லாம் பக்கத்துல இருக்கற சின்னக் கோப்புக்குப் போகும். சேர்க்காம விட்டா அது வளர்ந்துகிட்டே போகும், மெஷின் தளர்ந்துடும். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. பெரிய கோப்பை மட்டும் மாத்தினாரு. சின்னது அந்த வெளி டிஸ்க்லயே இருக்கணும்."

இருந்தது. செல்வின் இரண்டையும் இணைத்து மீண்டும் மாற்றி ஓடவிட்டான். போலகத்துப் பயணிகள், தலத்தெருப் பயணிகள் எனப் பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கின. நஸ்ருதீன் கண்களைத் துடைத்துக்கொண்டார். சாதிக் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"எல்லா பாஸ்வேர்டும் இனி மாப்பிள்ளைகிட்டயும் இருக்கும்" என்றார் ஹமீது.

ஆனாலும் விஷயம் எப்படியோ வாசலைத் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்னால் ஊர்க்காரர் ஒருவர் ஹமீதை நிறுத்தினார். "ஹாஜிங்க பேரையெல்லாம் அழிச்சிட்டார்னு மருமகனைத் துரத்திட்டீங்களாமே, பாய்?"

"பொய். பேர் எல்லாம் இருக்கு. மருமகன் என் வீட்டுலதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு ஹமீது தொழுகைக்குப் போனார்.