மூன்றாவது பாட்டில்

ஒரு சொட்டுக் கடல்நீரில் ஆயிரம் செடிகள் மிதக்கின்றன என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டு மாரிராஜ் நம்பவில்லை.

"ஏளா, வெறும் உப்புத்தண்ணிய வச்சுக்கிட்டு கதை விடுதியா?"

ஐந்தாம் வகுப்பு இசக்கியம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. படகுக்கார ஹென்றி அண்ணாச்சி கடல்நீர் எடுத்துவந்து, கடலை ஆராயும் அத்தையிடம் கொடுத்த மூன்று பாட்டில்கள் வெயில் படாமல் வீட்டில் கறுப்புப் பையில் இருந்தன. மூன்றாவதை எடுத்து வெயிலில் வைத்தாள். இருவரும் உற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

எதையும் நேரம் போட்டு எழுதுவது அவள் வழக்கம். 'மூன்றாவது பாட்டில், வெயிலில், 10.20 முதல் 10.45 வரை' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மதியம் அத்தையுடன் ஆய்வுக்கூடம் போனாள். நுண்ணுயிர்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இயந்திரம் தண்ணீரை நூலாக இழுத்தது. நுண்செடிகள், கோத்த முத்துகளைப் போல ஒவ்வொன்றாக நீல ஒளியைக் கடந்தன. சில ஆரஞ்சாக ஒளிர்ந்தன, சில சிவப்பாக. ஒவ்வொரு செடியும் திரையில் ஒரு புள்ளி. ஒரே இனப் புள்ளிகள் ஒரே இடத்தில் கூடின.

"யம்மாடி! வகுப்பு வகுப்பா உக்காருதுக!"

மூன்றாவது பாட்டிலில் சிவப்பு மங்கிப் புள்ளிகள் கீழே இறங்கிவிட்டன.

அத்தையின் முகம் சுருங்கியது. "அண்ணாச்சி வெயில்ல போட்டுட்டாரு. இனி வேற ஆளத்தான் பாக்கணும்." போனை எடுத்தாள்.

இசக்கி தன் நோட்டைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இனி இங்கே வரவே முடியாதோ? ஆனாலும் நோட்டை நீட்டினாள்.

"அண்ணாச்சி இல்ல அத்தை. நாந்தான்."

அத்தை படித்தாள். போனைக் கீழே வைத்தாள். இசக்கி பாட்டிலையே பார்த்தாள்.

"வெயில்லருந்து வீட்டுக்குள்ள வந்தா எனக்குக் கண்ணே தெரியாது. பெறவு சரியாயிரும். இதுகளும் அப்படியா இருக்குமோ?"

"பாத்துருவோம்" என்றாள் அத்தை.

பாட்டில் ஒரு மணி நேரம் இருட்டில் இருந்தது. மறுபடி ஓட்டினார்கள். புள்ளிகள் மெல்ல மேலே ஏறியிருந்தன!

"ஏளா, முழிச்சுக்கிட்டுதுளா!" அத்தை சிரித்துவிட்டாள். "இந்தப் பாட்டில் கணக்குல சேராது. நாளைக்கு அண்ணாச்சி வேற தண்ணி எடுத்துட்டு வரட்டும். நீயும் நோட்டோட வா."

சாயங்காலம் மாரிராஜ் வேலியோரம் நின்றான். "ஏளா, எங்க உன் செடி? கொண்டா பாப்போம்."

"அதுக இங்கன வராதுலே" என்றாள் இசக்கி. "நாளைக்கு நீதான் வரணும். அத்தைகிட்ட கேட்டுட்டேன்."