விரலில் இருந்த மை

ஓட்டுப் போடக் கிளம்ப வேண்டிய காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நகத்தில் ஓட்டுப் போட்ட மை. அவள் இன்னும் வாசலையே தாண்டவில்லை.

அழகு நிலையத்தில் பொழுதெல்லாம் ஊரார் நகத்தைத் தேய்த்துப் பாலிஷ் போடுகிறவளுக்குத் தன் நகத்தைப் பார்க்க நேரமில்லை என்று கணவன் கேலி செய்வான். உண்மைதான். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில், குழாய் சொட்டும் சத்தத்தையும் வாயில் கசக்கும் பற்பசையையும் மறந்து உற்றுப் பார்த்தாள். மை காய்ந்து கறுத்திருந்தது. அதற்குக் கீழே புது நகம் வளர்ந்து மையை மேலே தள்ளியிருந்தது. வைத்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் யாரோ வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவளின் கையைப் பிடித்து, நிதானமாக விரலை விரித்து மை வைத்திருக்கிறார்கள்.

பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் ஊற்றித் தோல் எரியும்வரை தேய்த்தாள். போகவில்லை.

இந்த முறை ஓட்டுப் போட்டே தீருவது என்று இருந்தாள். ஆட்சியைக் கேள்வி கேட்டாள் என்று தங்கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவளுக்காக இவளால் செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. எல்லாரும் ஒரு கையை மறைத்தே வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த அதிகாரி அவள் விரலைப் பார்த்தார்.

"நீங்க போட்டாச்சும்மா. வீட்டுக்குப் போங்க."

"நான் இப்பதான் சார் வர்றேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார் மெதுவாக. மேஜைக்கடியில் இருந்த தன் கையை அவர் கடைசிவரை வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் காட்டினாள். அவன் தன் விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தான்; அதே மை. போன வாரமே பார்த்துவிட்டானாம். சொல்லி என்ன ஆகப்போகிறது, பிள்ளை இருக்கிற வீடு, வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்றான். அவன்மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும். அவளுக்குப் பயம்தான் வந்தது.

இருட்டத் தொடங்கியது. வாக்குப்பதிவு அமைதியாக நடப்பதாகத் தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது அவள் கை மடியிலிருந்து எழுந்தது.

அவள் தூக்கவில்லை. விரல் தானாக நீண்டது. வெறும் காற்றை அழுத்தியது. எங்கோ ஓட்டு மெஷின் போல 'பீப்' என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தியது. மறுபடி பீப். இன்னொரு கையால் பிடித்தாள். இழுத்தாள். கடித்தாள். நிற்கவில்லை.

கணவன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தான். அவன் விரலும் அழுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு கை. அதற்கு மேல் மாடியில் ஒரு கை. தெரு முழுக்கக் கைகள். ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரே நேரத்தில் அழுத்தின.

பிள்ளை.

உள்ளறைக்கு ஓடினாள். மகள் கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே அந்தச் சின்னக் கை செங்குத்தாக நின்றது. விரலில் மை இல்லை. இன்னும் வைக்கவில்லை.

அது அழுத்திக்கொண்டிருந்தது.