நவமியில் ஒரு படையல்

தலைவாழை இலையில் சோறும் பயத்தங்காய்க் கறியும் படைத்திருப்பதைக் கண்டதும் இரத்தினம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கொக்குவில் வீட்டில் இன்றைக்கு யாருக்கும் திவசம் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் தவறிய அம்மாவின் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்கும் இன்னும் நாள் கிடக்கிறது.

"ஆருக்கடி உந்தப் படையல்?"

தம்பி பெண்சாதி அருமைநாயகி நிமிரவில்லை. "உங்கடை தம்பிக்குத்தான் மச்சாள்."

தம்பி சிவதர்ஷனை ஆமி பிடித்துக்கொண்டு போய் இருபத்தொன்பது வருடம். செத்தான் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. அண்மையில் கண்டுபிடித்த பெரிய புதைகுழியில் தோண்டியெடுத்த உடுப்புகளை, அடையாளம் காண்பதற்காக நாளைக்குத்தான் சனத்துக்குக் காட்டப் போகிறார்கள். அதற்குள் படையலா?

இரத்தினம்மா லேசில் விடுகிற ஆளில்லை. கலண்டரைப் பார்த்தாள். ஆவணித் தேய்பிறை நவமி. போன வருடமும் இதே நாளில் இவள் விரதம் என்றாளே... அதற்கு முந்திய வருடமும்!

"பிடிச்சுக்கொண்டு போன நாள் ஊருக்கே தெரியும். செத்த திதி உனக்கு மட்டும் எப்பிடியடி தெரியும்? காட்டிக் குடுத்தவளுக்குத்தானே தெரியும்! நாளைக்கு நீ அந்தப் பக்கம் வரப்படாது. என்ரை தம்பியை நான் அடையாளம் காட்டுறன்!"

ஒரு பெண்ணைக் கொல்ல அந்தச் சொல் போதும். மாமியாருக்குக் கடைசிவரை பணிவிடை செய்தவள் இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அவரைப் பிடிச்சுக்கொண்டு போய் எட்டாம் நாள் ஒருத்தர் வேலியடியிலை வந்து நிண்டு அழுதவர் மச்சாள்... குழி வெட்டக் கூட்டிக்கொண்டு போன ஆள். தான்தான் மண் போட்டதெண்டு சொன்னவர். செத்த நாளையும் சொன்னவர்..."

"அப்ப ஏன் மறைச்சனி?"

"மாமி தண்ணியும் குடியாமல் கிடந்தா. மகன் ஆமிக் காம்பிலை உயிரோடை இருக்கிறார் எண்டு பொய் சொன்னன். அண்டைக்குத்தான் கஞ்சி கேட்டவ. பிறகு எப்பிடிச் சொல்லுவன்? சாகுமட்டும் என்ரை பொட்டைப் பாத்துப் பாத்துத்தானே சாப்பிட்டவ..."

அன்று அந்தக் கஞ்சியைப் பருக்கியது இரத்தினம்மாவேதான். தம்பி உயிரோடு இருப்பதாகத் தகவல் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்ததும் அவள். வருடங்கள் போகப்போக, புருசன் இல்லாதவளுக்குப் பொட்டென்ன பூவென்ன என்று குத்திக் கதைத்ததும் அவளேதான்!

"ஐயோ அருமை! பாவி நான்... என்ன கதைச்சுப் போட்டன்!"

கட்டிப்பிடித்த மச்சாளின் தோளில் அருமைநாயகி வாய்விட்டு அழுதாள். இத்தனை வருடமும் அழ முடியாமல் கிடந்த அழுகை அது.

வெகுநேரம் கழித்து இரத்தினம்மா மூக்கைச் சிந்தினாள்.

"நாளைக்கு நீதான் முன்னுக்குப் போறாய். ஆர் எண்டு கேட்டா, பெண்சாதி எண்டு சொல்லு... நான் உனக்குப் பின்னாலை நிக்கிறன்."