மார்பளவில் ஒரு மஞ்சள் கோடு

மயிலாப்பூர்க் கால்வாயோரம் இருந்த பழைய விறகுக் கிடங்குக்குள் தேவானை சுண்ணாம்பு வாளியோடு நுழைந்தபோது மணி நாலு. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சேற்று வாடை.

கிடங்கை இடித்து, மண்ணடித்து மேடாக்கி, ஐந்து மாடிக் கடைவளாகம் கட்டப் போகிறார்கள். அடுத்த வெள்ளம் மொத்தமும் பின்னாலிருக்கும் குப்பத்துக்குத்தான். இங்கே தண்ணீரே ஏறியதில்லை என்று மனுவில் எழுதிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சுவரில் மார்பளவில் மஞ்சள் கோடு இருக்கிறதே. எண்பத்தைந்தில் வெள்ளம் வடிந்த அன்று, கங்கையம்மா இதற்கு மேல் ஏறாதே என்று வேண்டிக் குப்பத்துப் பெண்கள் இழுத்த கோடு. வருஷா வருஷம் அதன்மேல் மஞ்சள் பூசுவார்கள்.

மறுநாள் காலையில் அதிகாரிகள் பார்வையிட வருவதற்குள் அதை அழிக்கக் கூலிக்குப் பிடித்தது தேவானையை. அந்த வெள்ளத்தில் பதினோரு பேரைக் கூரையேற்றிவிட்டுத் தான் போய்ச்சேர்ந்த வெள்ளைச்சாமியின் பெண்சாதி. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவளுக்கு அந்தக் கோடுதான் அவன் சமாதி. கூலிக்கு வருகிறவள் யாரென்று யார் விசாரிக்கிறார்கள்?

பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தாள். கோடு ரத்தமாகச் சிவந்தது.

மேற்பார்வையாளன் நிரஞ்சனுக்கு முகம் வெளுத்தது. "என்னம்மா இது?"

தேவானை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே வந்திருந்தாள்.

"இன்னொரு கை அடிங்க."

"அட்ச்சா இன்னும் செவக்கும் சார்."

அடித்தாள். சிரிப்பு நின்றது.

கோட்டுக்கு மேலே ஒரு உள்ளங்கை சிவந்து எழுந்தது.

சுண்டுவிரல் இல்லை.

அந்தச் சுவரில் யாரும் கை பதித்ததில்லை. சுண்டுவிரலைப் படகுக் கயிற்றுக்குக் கொடுத்தவன் வெள்ளைச்சாமி ஒருவன்தான்.

சுவரில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. தரை காய்ந்து கிடந்தது.

பயந்தாலும் அவள் பின்வாங்கவில்லை. "நீயா?" என்று கிசுகிசுத்தாள். "நான் அழிக்க வர்லய்யா."

நிரஞ்சன் பிரஷ்ஷைப் பிடுங்கினான். "நானே அடிக்கறேன்."

அவன் கை சுவரை எட்டவில்லை.

பேண்ட் நனைந்தது. முழங்கால். இடுப்பு. சட்டை.

கோட்டின் உயரத்துக்கு ஏறி நின்றது ஈரம். அவன் வாயைத் திறந்து காற்றைத் தேடினான்.

"வுட்டுடுய்யா," என்றாள் தேவானை. "பொயச்சுப் போவட்டும்."

அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

காலையில் அதிகாரிகள் வந்தபோது அவள் சிவப்புக் கோட்டின் முன்னால் நின்றாள்.

"இது எங்க கோடு சார். இதுவரிக்கும் தண்ணி வந்துச்சு. எய்திக்கோங்க."

"நீ யாரும்மா? வழிய விடு." மூத்த அதிகாரி பேனாவை மூடினார்.

மூடியவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். முழங்கால்வரை நனைந்திருந்தது.

தேவானை நகரவில்லை.

அவர் பேனாவைத் திறந்து, சுவரில் கோடு இருந்த உயரத்தை எழுதினார். ஈரம் இடுப்போடு நின்றது.