எழுபத்து மூன்றில் நின்றது

வியாழக்கிழமை கிஷான் தன் கையாலேயே நீக்கிய பெயர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணினியைத் திறந்தபோது மறுபடியும் திரையில் இருந்தது.

கணினிக்குள் நுழையும் பெயர்ப்பட்டியலில் முதலில் தினுஷா. அதன் கீழே கிஷான். அதற்கும் கீழே, முகமில்லாத சாம்பல் நிழல் ஒன்றோடு, றொட்னி.

கிஷான் அதைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. பெயர் மட்டும் திரும்பி வந்திருந்தது.

றொட்னி, தினுஷாவின் முதல் கணவன். ஹந்தானை ரோட்டில் பனிமூட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளோடு விழுந்து செத்து நான்கு வருடமாகிறது. கட்டுகஸ்தோட்டையில் இந்த வீட்டை எடுத்தவன் அவன். சோபா செட்டி, மேசை, கணினி எல்லாம் அவன் வாங்கியவை. கிஷான் தினுஷாவைக் கட்டிக்கொண்டு இரண்டு சூட்கேஸோடு இங்கே வந்து பதினான்கு மாதமாகிறது. அலுமாரியில் இடப்பக்கத்தை அவனுக்கென்று காலி பண்ணிக் கொடுத்தாள். எதைக் காலி பண்ணினாள் என்பதை அவன் கேட்கவில்லை. ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைத்தான் யோசித்தான்.

தினுஷா படிப்பிக்கும் பாடசாலையில் தவணைப் புள்ளிகளை இணையத்தில்தான் பதிய வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு போடாத கணினியை அந்தத் தளம் உள்ளே விடாது. வியாழக்கிழமை பின்னேரம் அதை ஓடவிட்டுவிட்டு அவள் குளிக்கப் போனாள். போகுமுன் றொட்னியின் பெயரருகே அவள் விரல் ஒரு கணம் தயங்கி நின்றதைக் கிஷான் கண்டான். அது போதுமாயிருந்தது. புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயரையும் அதன் கோப்புகளையும் நீக்கத் தொடங்கினான். இரண்டு வேலையும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள இயந்திரம் திணறியது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவசரத்தில் சுவிட்சை அணைத்தான்.

"கரண்ட் போச்சு" என்றான். பக்கத்து வீட்டு டீவி பாடிக்கொண்டிருந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

இன்று மரித்தோர் திருநாள். றொட்னியைப் புதைத்த மஹியாவ மயானத்தில் நாலு மணிக்கு ஃபாதர் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிப்பார்.

"நீங்களும் வாங்களேன்" என்று தினுஷா வாசலில் நின்று கூப்பிட்டாள். கையில் மெழுகுவர்த்திப் பக்கற்றும் வெள்ளைச் செவ்வந்தியும்.

"அப்ப இதை யாரு சரி பண்றது? நாளைக்குப் புள்ளி குடுக்கணும்னு நீதானே சொன்ன."

"சரி, இருங்க. ஃபாதர் மந்திரிச்சதும் வந்திடுறேன்."

அவள் பவுடர் பூசியிருந்தாள். கல்லறைக்குப் போக எதற்குப் பவுடர் என்று, ஆட்டோவின் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

பிறகு ரமேசை அழைத்தான். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்துகிறவன்.

"அண்ணே, முதல்ல புள்ளியெல்லாம் வேற டிஸ்க்ல கொப்பி பண்ணுங்க. இன்ரநெற் வயரக் கழட்டுங்க. பழுதாகறதுக்கு முந்தின நாளுக்கு மெஷினைத் திருப்பிக் கொண்டு போங்க. அது முடிஞ்ச பிறகுதான் அப்டேட்டைப் புதுசாப் போடணும். திகதி ரெண்டு காட்டும். போன புதனை எடுங்க. பழசு ஒண்ணு கிடக்கும், அது வேணாம்."

"நடுவுல நிப்பாட்டலாமா?"

"நடுவுல திறந்து பாக்க அது என்ன புரியாணிச் சட்டியாண்ணே? போன தடவை அப்படித்தானே கெடுத்தீங்க? ஆரம்பிச்சா முடியட்டும். கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

புள்ளிகளைக் கொப்பி பண்ணினான். வயரைக் கழற்றினான். ரமேஸ் சொன்னபடியே இரண்டு திகதிகள் வந்தன. ஒன்று போன புதன். மற்றது நான்கு வருடத்துக்கு முந்திய ஒக்டோபர் மாதத்துக் காலை ஒன்று. அந்தத் திகதி அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு தினுஷா றொட்னியின் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பாள். அன்று பின்னேரம்தான் றொட்னி விழுந்தான்.

அந்தக் காலைக்குப் போனால் நீக்கிய கோப்புகளெல்லாம் அங்கே இருக்கும். அவர்கள் எழுதிக்கொண்டவை, எடுத்துக்கொண்ட படங்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டுப் புதனுக்கு வந்துவிடலாம். அவன் பழைய திகதியை அழுத்தினான்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுழல, கீழே எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின. ஆற்றுப் பக்கமிருந்து மழை வந்தது. முதலில் வாழையிலைகளில் தனித்தனித் துளிகளாகவும் பிறகு தகரத்தின்மேல் ஒரே இரைச்சலாகவும் இறங்கி, அறையின் பகல் வெளிச்சத்தை மூலைகளிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போனது. நான்கு மணிக்கே வீடு மங்கிவிட்டது.

பதினொரு சதவீதத்தில் போன் அடித்தது.

"கிஷான், மெழுகுவர்த்தி நிக்கவே மாட்டேங்குது. மத்தக் கல்லறையில எல்லாம் எரியுது. இங்க மட்டும் அணைஞ்சு அணைஞ்சு போகுது."

"காத்தா இருக்கும்."

"காத்தே இல்லைங்க. மழையும் இங்க இன்னும் வரல."

முப்பதில் வாசனை வந்தது. நனைந்த றப்பர், கொஞ்சம் பெற்றோல், அவற்றுக்கடியில் கிஷான் ஒருநாளும் பூசாத ஏதோ ஒரு தலையெண்ணெய். கூடத்தின் கதவுக்குப் பின்னாலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தான். அவனுடைய குடை தொங்கிய ஆணியில் கறுப்பு மழைக்கோட்டு ஒன்று தொங்கியது. அதன் கைகள் இன்னும் நனைந்திருந்தன. ஒரு தோளின் மடிப்பு, யாரோ இப்போதுதான் அதற்குள்ளிருந்து நழுவிப் போனதைப்போல மெல்லத் தளர்ந்து விழுந்தது.

படுக்கையறைக்கு ஓடி அலுமாரியைத் திறந்தான். இடப்பக்கம் நிறைந்திருந்தது. ஒன்றுகூட அவன் சட்டை இல்லை.

நாற்பத்தாறு. மறுபடியும் போன்.

"மண்ணு ஒரு மாதிரி இருக்குங்க." தினுஷாவின் குரல் தாழ்ந்திருந்தது. "கையை வச்சுப் பாத்தேன். சூடா இருக்கு. மழையிலயும் சூடா இருக்கு."

"கையை எடு. உடனே வீட்டுக்கு வா."

"ஃபாதர் இன்னும் இந்தப் பக்கம் வரல." அவள் உள்ளங்கை ஈர மண்ணில் உரசுவது கேட்டது. "எடுக்க மனசு வரமாட்டேங்குது."

நடுவில் நிறுத்தக்கூடாது. ரமேஸ் சொல்லியிருந்தான். கிஷான் கைகளைத் தொடையிடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். ஐம்பத்தெட்டு. குளியலறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அறுபத்து நான்கு. சுவரிலிருந்த அவனுடைய கல்யாணப் படத்தில் தினுஷா மட்டும் நின்றாள். பக்கத்தில் வெறும் திரைச்சீலை.

எழுபது. அவனே அவளை அழைத்தான்.

அவள் எடுத்தாள். ஆனால் அவனோடு பேசவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பதினான்கு மாதத்தில் ஒரு தடவையும் அவன் கேட்டதில்லை.

"டேய், மெதுவா வாடா. வழுக்கி விழுந்து தொலைக்காத." பிறகு போனில், மரியாதையாக, "ஹலோ? யாரு பேசுறது?"

"நான்தான். கிஷான்."

"எந்தக் கிஷான்?"

அவன் பயந்துதான் போயிருந்தான். ஆனால் கையை நீட்ட வைத்தது பயமல்ல. அந்த 'டா'. தன்னை ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கணினியின் பின்னால் கையைவிட்டுக் கரண்ட் வயரைப் பிடுங்கினான். எழுபத்து மூன்று. திரை செத்தது.

மழை விட்டிருந்தது. சொட்டுச் சத்தமும் நின்றது. அலுமாரியில் அவன் சட்டைகள் சில வந்திருந்தன. சில வரவில்லை. படத்தில் அவனுடைய தோள் மட்டும் இருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. போனது.

"கிஷான்." தினுஷாவின் குரல். அவனைத் தெரிந்த குரல். அவனுக்கு அழுகை வந்தது.

"கிஷான், கதவைத் திறங்க. கொஞ்சம் வந்து பிடிங்க. இவனால நடக்க முடியல."

அவன் திறந்தான்.

அவள் தோளில் அது சாய்ந்திருந்தது. முழங்கால்வரை செம்மண். இடது கால் படியில் ஈரத்தடம் வைத்தது. வலது கால் வைக்கவில்லை. முகத்தில் ஒரு பாதி றொட்னி. நெற்றித் தழும்புகூட இருந்தது. மற்றப் பாதியில் எதுவும் தொடங்கவேயில்லை. தோல் மட்டும், தட்டையாக, காதுவரை.

கிஷான் விலகி நின்றான். அவள் அதை மெல்ல நடத்திக்கொண்டு போய்ச் செட்டியில் உட்கார வைத்தாள். தானும் ஒட்டி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் அந்த முகத்தைத் துடைத்தாள். இல்லாத பாதியையும் துடைத்தாள்.

"வலிக்குதாடா?"

பாதி வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

தினுஷா நிமிர்ந்து கிஷானைப் பார்த்தாள். கோபமில்லை. வியாழக்கிழமை தலையைத் துவட்டிக்கொண்டு பார்த்த அதே பார்வை.

"நீங்கதானே பாதியில நிப்பாட்டினீங்க?" என்றாள். "மிச்சத்தையும் முடிச்சிடுங்க."

"முடிச்சா நான் இருக்கமாட்டேன், தினுஷா."

அதன் கை அவள் மடியில் ஊர்ந்து வந்தது. மூன்று விரல்கள். நகமில்லாத மூன்று விரல்களும் அவள் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக இடம் தேடி நுழைந்தன. ஒற்றைக் கண் கிஷானையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் கையைக் கொஞ்சம் விரித்துக் கொடுத்தாள்.