தாத்தாவுக்கும் கேட்கும்படி

ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் வேண்டுமென்று கத்தவில்லை. அம்மாவும் அப்பாவும் வெளியூரில் வேலை பார்க்க, அவள் தாத்தாவோடு இருந்தாள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் தாத்தா. இன்ஜின் இரைச்சல் அவர் காதைப் பாதி தின்றுவிட்டது. "பசிக்குது" என்று சொல்வதற்கே தொண்டை நரம்பு புடைக்க வேண்டும். அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வந்துவிட்டது.

ஒருநாள் அவள் பாடம் வாசித்தபோது, பக்கத்து வகுப்பு டீச்சரே எட்டிப் பார்த்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். வாசிப்புத் தேர்வில் முட்டை.

அவளுடைய வகுப்பு டீச்சர் தாத்தாவை வரச் சொன்னார். தாத்தா இஸ்திரி போட்ட சட்டையில் அரைமணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்தார்.

டீச்சருக்கு மெல்லிய குரல். "ஐயா, உங்க பேத்தி வகுப்புல வாயே திறக்க மாட்டேங்குறா. வாசிப்புல மார்க்கே இல்ல."

தாத்தா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். "ரொம்ப சந்தோஷம்!"

டீச்சர் திகைத்துப்போனார்.

ஒரு வார்த்தைகூட தாத்தா காதில் விழவில்லை என்று பக்கத்தில் நின்ற அவளுக்குப் புரிந்தது. இப்படியே எழுந்து போனால் திட்டிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் டீச்சர் தாத்தாவை என்ன நினைப்பார்? பேத்தி மேல் அக்கறையே இல்லாதவர் என்றுதானே!

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"தாத்தா! நான் கிளாஸ்ல பேசவே மாட்டேங்குறேனாம்! வாசிப்புல முட்டையாம்!"

வராந்தாவில் போனவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நீயா? வீட்டுல என்னமா பேசுவே! ஏம்மா?"

"கத்துறேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க தாத்தா!"

தாத்தா மெதுவாகக் காதைத் தடவிக்கொண்டார். "எல்லாம் என் காதால வந்தது டீச்சர். எனக்குக் கேக்கணும்னுதான் அவ அப்படிப் பேசுறா."

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். குரலையும் உயர்த்தினார். "எனக்குத்தான் தெரியாமப் போச்சு ஐயா! இப்ப கேக்குதா?"

"நல்லாக் கேக்குது!"

அவளுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. சட்டென்று ஒரு யோசனையும் வந்தது.

"டீச்சர், நான் கடைசி பெஞ்சுலேருந்து வாசிக்கட்டுமா? யாருக்கும் காதுல இடிக்காது."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "நாளைக்கே வாசி!"

மறுநாள் அவள் கடைசி பெஞ்சில் நின்று வாசித்தாள். முன்வரிசை வரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் புதிதாக மார்க் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினாள்.

"தாத்தா! பதினெட்டு!"

"எட்டா? பரவாயில்லம்மா, முட்டைக்கு எட்டு தேவலை!"

"பதினெட்டு தாத்தா, பதினெட்டு! இருபதுக்கு!"

எதிர்வீட்டு அத்தை ஜன்னலைத் திறந்து கைதட்டினார். அப்புறம்தான் அந்தப் பதினெட்டு தாத்தாவுக்குக் கேட்டது.