இரண்டு தட்டினால் திற

அந்த வீட்டுக்கு நாங்கள் போனது மூன்றாவது தடவை. காலை பத்து மணி, நல்ல வெயில். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க. இன்னைக்கும் ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க?"

கருவிப் பையை இறக்கி வைத்தேன். நாங்கள் செய்யாத வேலை இல்லை. வெந்நீர்க் குழாயில் சத்தம் என்றால் காரணம் நாலைந்துதான். முதல் தடவை, குழாய் சூட்டில் நீண்டு சுவரில் உரசுகிறது என்று எல்லாக் கிளிப்புக்கும் ரப்பர் வைத்தோம். இரண்டாம் தடவை ஹீட்டர் தொட்டியைக் கழுவி அரை வாளி சுண்ணாம்புக் கசடு எடுத்தோம், அழுத்தத்தைக் குறைத்தோம், அடைத்திருந்த காற்றை வெளியேற்றினோம். நாங்கள் இருக்கும்வரை சத்தம் பரம சாதுவாக இருக்கும். தெருமுனை திரும்புவதற்குள் போன் வரும்.

"முன்னெல்லாம் சும்மா கடகடன்னு கத்தும்," என்றார் அந்த அம்மா. "நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து எண்ணி எண்ணித் தட்டுது. ரெண்டு, அப்புறம் மூணு. என்னத்தைத்தான் கத்துக் கொடுத்தீங்களோ!"

"பாடம் நல்லா ஏறியிருக்கு மாமா," என்று சிரித்தான் மச்சான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சான் என் மனைவியின் தம்பி. என்னோடுதான் வேலை பார்க்கிறான். ஹீட்டர் இருக்கும் கீழ்த்தளத்து அறைகளில் பெரும்பாலும் போன் எடுக்காது. ஆகவே ஒருவர் கீழே வால்விலும் ஒருவர் மேலே குழாயிலும் நிற்கும்போது, குழாயைத் தட்டித்தான் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் மூடு. இரண்டு, திற. மூன்று, கை உள்ளே இருக்கிறது, எதையும் தொடாதே.

போன வருஷம் ஒரு வீட்டில் மூன்றை நான் இரண்டாக எண்ணிவிட்டேன். அவன் வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது.

"இன்னொரு தடவை அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வீட்டுக்கே வர வேணாம்," என்றாள் என் மனைவி. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று மாடிக் குளியலறைச் சுவரை உடைத்தோம். துருவும் ஈரமண்ணும் கலந்த நாற்றம் குப்பென்று அடித்தது. வெந்நீர்க் குழாயிலிருந்து ஒரு பழைய இரும்புக் குழாய் பிரிந்து சுவருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தும் முடிவு தெரியவில்லை. அந்தப் பக்கம் வேறு அறையும் கிடையாது.

"எங்கேயும் போகாத குழாய் மாமா. இதுக்குள்ள தண்ணி தேங்கித்தான் இவ்வளவு கூத்தும்."

"அறுத்து அடைச்சிடு. நான் கீழ போறேன்."

கீழே போனேன். ஒரு தட்டு வந்தது. வால்வை மூடினேன். மேலே ரம்பம் இழுக்கும் ஓசை வெகுநேரம் கேட்டது. பிறகு நின்றது. மஞ்சள் பல்பின் கீழ் நான் காத்துக்கொண்டிருந்தேன். மாடியில் அடித்த அதே நாற்றம் மெல்ல இங்கே இறங்கி வந்தது.

டக் டக்.

வால்வில் கை வைத்தேன்.

என்னவோ சரியில்லை.

விரல் மடங்காததால் மச்சானுக்கு ஒரு தட்டுக்கு அடுத்து ஸ்பானர் நழுவும். மறுபடி பிடித்துத்தான் அடுத்ததைத் தட்டுவான். டக்... டக். இந்தத் தட்டு சுத்தமாக இருந்தது.

கையை எடுத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். அவன் கையை முழங்கைவரை சுவருக்குள் விட்டிருந்தான்.

"ஏன்டா தட்டினே?"

"நானா? மூடச் சொல்லி ஒண்ணு தட்டினதோட சரி. இப்பத்தான் அறுத்த வாயைத் துடைக்கிறேன்."

கீழே கிரீச்சென்றது.

வால்வு.

அவசரமில்லாமல், சுற்றுச் சுற்றாக.

"கீழ யாரு மாமா?" அவன் குரல் காற்றாகத்தான் வந்தது.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். அவன் கை இருந்த இடத்திலிருந்து கொதிநீர் சீறி எதிர்ச்சுவரில் அடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே யாருமில்லை. வால்வு முழுசாகத் திறந்திருந்தது. அதன் பிடி மட்டும் சில்லென்று ஈரமாக இருந்தது. ஜன்னல் வழியே, வெளியே கேட்டருகில் வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் எங்களைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

வால்வை மூடி அதைவிட்டு நகராமல் நின்றேன். மச்சான் மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்திக் கத்தி வேலையை முடித்தான்.

சாயங்காலம் போன் வந்தது. "சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. இதை முதல் நாளே செய்யறதுக்கென்ன?"

நின்றுதான் விட்டது. அறுத்த குழாயிலிருந்து அது எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை. இனித் தட்டுகிற பேச்சே வேண்டாம் என்றான் மச்சான். நான்தான் கேட்கவில்லை.

"உன் தட்டு எனக்குத் தெரியும்டா. அந்த இழுவையை வேற எவனாலும் தட்ட முடியாது."

போன வாரம் வேறொரு வீடு. புதுக் கட்டடம், புதுக் குழாய், இன்னும் பெயின்ட் வாசம் போகவில்லை. மேலே குழாய் இணைப்பைக் கழற்றிப் போட்டிருந்தான் மச்சான். நான் கீழே வால்வில்.

டக்... டக்.

அதே இழுவை. நழுவி, மறுபடி பிடித்து. நிம்மதியாக வால்வைக் கால் சுற்றுத் திருப்பினேன்.

"மாமா, டேப் உங்க பையிலயா இருக்கு?"

திரும்பினேன். எனக்குப் பின்னால், படிக்கட்டில் மச்சான் வெறுங்கையோடு நின்றிருந்தான்.

நான் வால்வை இறுக்கி மூடினேன். இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். புதுப் பெயின்ட் வாசத்துக்கு அடியிலிருந்து துருவும் ஈரமண்ணும் மெல்ல எழுந்தன.

டக்... டக்.

இந்தத் தடவை கொஞ்சம் பலமாக. காத்திருந்து அலுத்துப்போனவன் தட்டுவதுபோல.